நீட்டித்த வாரண்டியும் குடும்பத்தின் சேமிப்பும்

விநாயகர் சதுர்த்தி தொடங்கித் தீபாவளி முடிகிற வரையில் மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நிற்க இடமிருப்பதில்லை. தாராவித் தொண்ணூறடிச் சாலையின் சந்துகளிலிருந்து பல மாதச் சேமிப்புடன் பிரிட்ஜ் வாங்க வருகிற தொழிலாளர் குடும்பமும், மாட்டுங்காவில் பழைய கட்டடமொன்றின் மாடியில் ஓய்வூதியத்தைக் கொண்டு காலட்சேபம் செய்யும் தம்பதியும், செம்பூர் செட்டா நகரிலிருந்து கல்லூரி செல்லும் மகளுக்கு லேப்டாப் வாங்கித் தர வருகிற தகப்பனாரும், பண்டத்தைப் பார்த்து, விலை பேசி, தவணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, களைத்துப் போய் பில் போடும் மேஜைக்கு வந்து சேர்ந்த பிறகு, அவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. கம்பெனி கொடுக்கும் வாரண்டி ஒரு வருஷத்துக்குத்தான், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் மேலும் இரண்டு வருஷத்துக்கு அதை நீட்டித்துக் கொள்ளலாம், சேர்த்து விடட்டுமா என்பதே அந்தக் கேள்வி.

விடை சொல்வதற்கு அங்கே கிடைக்கும் அவகாசம் சில விநாடிகளே. பின்னால் வரிசை நிற்கிறது. நாற்பதாயிரம் ரூபாயைச் செலவழித்து விட்ட மனத்துக்கு நாலாயிரம் அற்பத் தொகையாகத் தோன்றுகிறது. வேண்டாம் என்று சொல்லி விட்டுப் பிறகு பண்டம் பழுதாகி நின்றால் வீட்டார் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமும் உள்ளே எழுகிறது. விற்பனையாளரின் மீதும் குற்றமில்லை. மாதத்துக்கு இத்தனை நீட்டிப்புகளை விற்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும், விற்றால் கிடைக்கும் ஊக்கத்தொகையும் பல கடைகளில் அவருடைய உத்தியோகத்தின் பகுதியாகவே இருக்கின்றன. ஆகவே, நிதானத்துக்கு இடமில்லாத அந்த மேஜையருகில் எடுக்க வேண்டிய தீர்மானத்தை, கடைக்குப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து எடுத்துக் கொள்வதுதான் விவேகம். அதற்கு வேண்டிய விஷயங்களைச் சாமானியக் குடும்பஸ்தர்களுக்கு எடுத்துச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பணம் கொடுக்காமலேயே நமக்கு உரிமையாகிவிட்ட பாதுகாப்பு எவ்வளவு என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. வாங்குகிறவர் தம்முடைய தேவையைத் தெரிவித்து, விற்கிறவரின் அனுபவத்தை நம்பி வாங்கும் பண்டம் அந்தத் தேவைக்கு ஏற்றதாகவும், சந்தையில் விற்பதற்குத் தகுந்த தரமுடையதாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, பில்லில் ஓர் எழுத்தும் இல்லாவிட்டாலும், சாதாரணமாக விற்பனையிலேயே அடங்கியிருப்பதாக அந்தச் சட்டம் கொள்கிறது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பண்டத்தில் குறை இருந்தாலும், சேவையில் குறைபாடு நேர்ந்தாலும், உற்பத்தியாளர் வெளிப்படையாகக் கொடுத்த வாக்குறுதிக்குப் பண்டம் ஒவ்வாமல் அதனால் தீங்கு விளைந்தாலும் நிவாரணம் கோரும் பாத்தியதையை அது நமக்கு அளிக்கிறது. இவற்றுக்கு மேல்தான் உற்பத்தியாளர் பெட்டிக்குள் வைத்துத் தரும் வாரண்டி அட்டை வருகிறது. அந்த அட்டையைப் பொறுமையாகப் படித்தால், முழுப் பண்டத்துக்கும் ஒரு வருஷம் என்றிருக்கும் போதே, பிரிட்ஜின் கம்ப்ரஸருக்கோ வாஷிங் மெஷினின் மோட்டாருக்கோ பத்து வருஷம் வரையில்கூடத் தனி வாரண்டி கொடுக்கப்பட்டிருப்பது தெரியவரும். ஏற்கெனவே நம் கையில் இருப்பதையே மறுபடியும் விலை கொடுத்து வாங்குகிறோமா என்பதை இந்த ஒரு வாசிப்பு காட்டிக் கொடுத்து விடும்.

ஆனால் பத்து வருஷம் என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மயங்கி விடவும் கூடாது. கம்ப்ரஸருக்குக் கொடுத்த வாக்கு கம்ப்ரஸரோடு முடிகிறது. அதை இயக்கும் மின்சுற்றுப் பலகை எரிந்தாலும், குளிரூட்டும் கேஸ் கசிந்து தீர்ந்தாலும், மெக்கானிக் வந்து போகும் கூலியும் வண்டிச் சத்தமும் நம் தலையில் விழுந்தாலும், அந்தப் பத்து வருஷத்துக்கும் அவற்றுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. நீட்டிப்பு ஒன்றை வாங்குவதானால், அது இந்த இடைவெளிகளை நிரப்புகிறதா என்பதே முதல் பரீட்சை.

இரண்டாவது, அந்த வாக்கைக் கொடுப்பவர் யார் என்பது. உற்பத்தியாளரே கொடுக்கும் நீட்டிப்பு ஒரு வகை. கடைக்காரர் கொடுப்பது இன்னொரு வகை. பண்டத்தைச் செய்யவும் செய்யாமல், விற்கவும் செய்யாமல், பழுது பார்க்கும் பொறுப்பை மட்டும் ஏற்றுக் கொள்ளும் மூன்றாவது கம்பெனியின் திட்டம் வேறொரு வகை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசியாக வருவது நான்காவது வகை. ரசீதில் கடையின் பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே ஷரத்துகளில் வேறொரு பெயர் இருப்பது உண்டு. இரண்டு வருஷம் கழித்துப் பண்டம் நின்று போகும் போது நாம் கதவைத் தட்ட வேண்டியது யாருடையது, அந்தக் கம்பெனி அன்றைக்கும் வியாபாரத்தில் இருக்குமா, அசல் உதிரிபாகம் கிடைக்க அதற்கு வழி உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பெயரில்தான் பதில் இருக்கிறது. பாலிசியாக இருந்தால் தகராறு வரும் போது இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். வெறும் சேவை ஒப்பந்தமாக இருந்தால் நுகர்வோர் ஆணையமே கதி. மற்றவை சமமாக இருக்குமானால், உற்பத்தியாளரின் சொந்த நீட்டிப்பை முதலில் கவனிப்பது நல்லது. பண்டத்தை அறிந்தவரும் பாகத்தை வைத்திருப்பவரும் அவரே.

இனி, எந்திரங்கள் எப்போது பழுதாகின்றன என்ற விஷயத்துக்கு வருவோம். மனிதனுக்குக் குழந்தைப் பருவத்திலும் முதுமையிலும் நோய் மிகுந்து நடு வயதில் தேகம் திடமாக இருப்பது போல, எலக்ட்ரானிக்ஸ் சாதனங்களும் ஆரம்ப காலத்தில் ஒரு முறையும், தேய்ந்து ஓய்கிற காலத்தில் மறுமுறையுமே அதிகமாகப் பழுதுக்கு ஆளாகின்றன என்று பொறியியல் வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். தொழிற்சாலையில் நேர்ந்த பற்றவைப்புக் குறையோ, பலவீனமான பாகமோ பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே வெளிப்பட்டு விடுகிறது. அதை உற்பத்தியாளரின் இலவச வாரண்டி ஏற்றுக் கொள்கிறது. தேய்மானத்தால் வரும் கோளாறுகள் ஐந்தாறு வருஷங்களுக்குப் பிறகே தலைகாட்டுகின்றன. அப்போது நீட்டிப்பும் முடிந்து போயிருக்கும். நாம் பணம் கொடுத்து வாங்கும் இரண்டாவது, மூன்றாவது வருஷங்கள், பண்டம் ஆரோக்கியமாக இருப்பதற்கு மிகுந்த வாய்ப்புள்ள நடுக்காலத்திலேயே விழுகின்றன. இதுவே நீட்டித்த வாரண்டியின் பொருளாதாரத்துக்கு அஸ்திவாரம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். உதாரணத்துக்கு, நாற்பதாயிரம் ரூபாய் டிவி ஒன்றுக்கு இரண்டு வருஷ நீட்டிப்பு 4,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். சேவைகளுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி.யை அது உள்ளடக்கியிருந்தால், அதில் ஏறத்தாழ 610 ரூபாய் வரியாகவே போய் விடுகிறது. பழுது வந்தால் சராசரியாக 12,000 ரூபாய் செலவாகும் என்றும் கொள்வோம். அப்படியானால், இப்படி வாங்கிய மூன்று டிவிகளில் ஒன்று அந்த இரண்டு வருஷங்களுக்குள் பழுதானால்தான் கொடுத்த பணத்துக்கும் பெற்ற பயனுக்கும் சரியாகப் போகும். பத்தில் ஒன்றுதான் பழுதாகிறது என்றால், 4,000 ரூபாய் கொடுத்து 1,200 ரூபாய் மதிப்புள்ள பாதுகாப்பை நாம் வாங்கியிருக்கிறோம். மிச்சம் கடையின் கமிஷனாகவும், நிர்வாகச் செலவாகவும், லாபமாகவும் பிரிந்து விடுகிறது. இதில் வஞ்சனை ஏதுமில்லை. பிறர் நஷ்டத்தை ஏற்றுக் கொள்ளும் எந்தத் தொழிலும் வசூலிப்பதை விடக் குறைவாகக் கொடுத்தால்தான் நிலைத்திருக்க முடியும். எவ்வளவு குறைவாக என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியைப் பிரிட்டன் அரசாங்கமே ஒரு முறை கேட்டது. வீட்டு மின்சாதனங்களுக்கான நீட்டித்த வாரண்டி வியாபாரத்தைப் போட்டி ஆணையம் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட அறிக்கை, கடைக்காரருக்கு விற்பனை மேஜையில் இருக்கும் அனுகூலத்தால் இந்தச் சந்தையில் போட்டி சரிவர இயங்கவில்லை என்று கண்டது. அதன் பயனாக 2005-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணைப்படி, பண்டத்தின் விலைக்குப் பக்கத்திலேயே நீட்டிப்பின் விலையையும் எழுதி வைக்க வேண்டும். அன்றைக்கு வாங்காமல் போனவருக்கும் அதே விலையில் 30 நாட்கள் வரை கொடுக்க வேண்டும். வாங்கி விட்டு மனம் மாறினால் 45 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். நம் நாட்டில் இத்தகைய தனி ஆணை இல்லை. ஆயினும் இந்த மூன்று விதிகளையும் வாசகர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக் கொள்வதைத் தடுப்பவர் யாருமில்லை. பண்டத்தின் விலையைக் கேட்கும் போதே நீட்டிப்பின் விலையையும் கேட்டுக் கொண்டு, அன்றைக்கே தீர்மானிக்க மறுத்து, பிறகும் வாங்க முடியுமா என்று விசாரிக்கலாம். உற்பத்தியாளர் பலர், முதல் வாரண்டி முடிவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் நீட்டித்துக் கொள்ள இடம் கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் நீட்டிப்பே கூடாது என்று முடிவு கட்டி விடக் கூடாது. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒவ்வொரு நியாயம் உண்டு. பெரிய திரை டிவியை எடுத்துக் கொண்டால், அதன் பேனல் போய்விட்டால் மாற்றுகிற செலவு பல சமயங்களில் டிவியின் விலையில் பாதியைத் தாண்டி விடுகிறது. சிறிய டிவியில் அந்தக் கவலை இல்லை. ஏசியைப் பொறுத்த வரையில், கடற்காற்றின் உப்பும் ஈரமும் செப்புக் குழாய்களை அரித்துக் கேஸைக் கசியச் செய்வது மும்பை வாசிகளின் நித்திய அனுபவம். கேஸ் நிரப்புவதையும் சுருளை மாற்றுவதையும் ஷரத்து வெளிப்படையாக ஏற்றுக் கொண்டால் நீட்டிப்புக்கு அர்த்தமுண்டு, அவற்றை விலக்கி வைத்தால் அர்த்தமில்லை. இன்வெர்ட்டர் வகைப் பிரிட்ஜிலும் வாஷிங் மெஷினிலும் விலை உயர்ந்த பாகம் மின்சுற்றுப் பலகையே. அதைப் பற்றிய வரி எங்கே என்று தேட வேண்டும். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, இயர்போன், சிறிய ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு நீட்டிப்பு வாங்குவது வீண். படிப்பும் உத்தியோகமும் லேப்டாப்பை நம்பி நிற்கும் வீட்டில், வீட்டுக்கே ஆள் வந்து பழுது பார்க்கும் உற்பத்தியாளரின் நீட்டிப்பு யோசனைக்கு உரியது. பாட்டரி அதில் சேருமா என்பதை மட்டும் தனியாகக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

செல்போனில்தான் ஜனங்கள் மிகுதியாக ஏமாற்றமடைகிறார்கள். போன் கெடுவது பெரும்பாலும் கீழே விழுந்து திரை உடைவதாலும், தண்ணீர் புகுவதாலும். நீட்டித்த வாரண்டி ஏற்றுக் கொள்வதோ, தானாக நேரும் உள்கோளாறுகளை மட்டுமே. திரை உடைவதற்கும் தண்ணீருக்கும் விபத்துப் பாதுகாப்பு என்ற வேறு திட்டம் இருக்கிறது. அதிலும் ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டிய பங்கு, வருஷத்துக்கு எத்தனை முறை என்ற வரம்பு, திருட்டு சேருமா சேராதா என்ற பிரிவுகள் உண்டு. ஒன்றை வாங்கி விட்டு மற்றொன்று கையில் இருப்பதாக நினைத்துக் கொள்வதே பெரும்பாலான மனஸ்தாபங்களுக்கு மூலகாரணம். சில நூறு ரூபாயில் கிடைக்கும் நல்ல உறையும் கண்ணாடிக் காப்பும் பல திட்டங்களை விட அதிகமாகப் போனைக் காப்பாற்றுகின்றன.

மழையைப் பற்றித் தனியே சொல்லாமல் மும்பையில் எந்தப் பாதுகாப்பைப் பற்றியும் பேச முடியாது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, தரைத்தள வீடுகளிலும் கடைகளிலும் இருந்த டிவி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் வெள்ளம் மூழ்கடித்ததை அந்நாளில் அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் இன்றும் ஒவ்வொரு பருவமழையிலும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்தாலும், தீயாலும், எலி கடிப்பதாலும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் வரும் சேதத்தை நீட்டித்த வாரண்டிகள் சாதாரணமாக விலக்கியே வைக்கின்றன. வெள்ளத்துக்கு உரிய பாதுகாப்பு வீட்டுப் பொருள் இன்ஷூரன்ஸ். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொது ஷரத்துகள் கொண்ட பாலிசியை வழங்கி வருகின்றன; தீ, வெள்ளம், புயல் போன்றவற்றால் வீட்டுக்கும் வீட்டிலுள்ள பொருள்களுக்கும் நேரும் நஷ்டத்தை அது ஏற்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் பொருள்களுக்கு மட்டுமே எடுக்கவும் வழியுண்டு. ஒரே ஒரு டிவிக்குக் கொடுக்கும் நீட்டிப்புப் பணத்தை இதன் பிரீமியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒவ்வொரு தரைத்தளவாசிக்கும் அவசியம்.

மின்சாரத்தைப் பொறுத்த வரையில் மும்பைக்கு ஒரு சௌபாக்கியம் உண்டு. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பெஸ்ட் நிறுவனமும், செம்பூர்ப் பக்கத்துக்கு வேறு கம்பெனிகளும் வழங்கும் மின்சாரம், நாட்டின் பல நகரங்களோடு ஒப்பிட்டால் ஏற்றத்தாழ்வு குறைந்தது. ஆபத்து பெரும்பாலும் கட்டடத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. பழைய கட்டடங்களில் எர்த் கம்பி அறுந்தும், ஒரே பிளக்கில் நாலைந்து சாதனங்கள் தொங்கியும் கிடக்கின்றன. தேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து இவற்றைச் சரிபார்ப்பதற்கு ஆகும் செலவு அற்பம். அதனால் காப்பாற்றப்படுவது பண்டம் மட்டுமல்ல, உயிரும்தான்.

நஷ்டத்தைத் தாங்கும் சக்தி எல்லா வீட்டிலும் ஒன்று போல் இல்லை என்பது இந்தப் பிரச்சினையின் மிக முக்கியமான அம்சம். மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பழுது ஒரு சங்கடம். பிரிட்ஜில் இட்லி மாவைப் பாதுகாத்து விடியற்காலையில் விற்பனைக்கு எடுத்துச் செல்லும் தாராவிக் குடும்பத்துக்கு அதே பழுது அன்றைய ஜீவன நஷ்டம். போன் ஒரு நாள் இயங்காவிட்டால், உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞனுக்கு அன்று வேலை இல்லை. சென், கல்ரா, சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையொன்றின் விற்பனைக் கணக்குகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, வருமானம் குறைந்தவர்களே நீட்டித்த வாரண்டியை அதிகமாக வாங்குகிறார்கள் என்று கண்டது. இதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது. ஒரே தடவையில் பெரும் செலவு வந்து விழுமானால் அதைச் சமாளிக்க வழியில்லாதவன், சிறுகச் சிறுகக் கூடுதலாகக் கொடுத்தாவது அந்த அபாயத்திலிருந்து தப்பப் பார்க்கிறான். அவனுடைய பயம் யதார்த்தமானது. அந்தப் பயத்துக்கு அவன் கொடுக்கும் விலைதான் அதிகமாக இருக்கிறது.

அந்த விலையைக் குறைக்கும் வழியை மும்பையின் ஏழை ஜனங்கள் தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். கோலார் தங்க வயலில் பிறந்து மும்பைக்கு வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், குடிசைவாசிகளின் தேசிய சம்மேளனத்தை வளர்த்து, 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவர். 1986-இல் பைகுல்லாவின் நடைபாதைகளில் குடியிருந்த பெண்களிடையே தோன்றி, அவருடைய சம்மேளனத்தோடும் ஸ்பார்க் என்ற ஸ்தாபனத்தோடும் இணைந்து பணியாற்றிய மகிளா மிலன், நாள்தோறும் ஓரிரு ரூபாயாகச் சேர்த்து, ஆபத்து நேர்ந்த உறுப்பினருக்குக் கடனாக எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை மற்றப் பகுதிகளுக்கும் பரப்பியது. பல குடும்பங்கள் சேர்ந்து ஒருவருடைய நஷ்டத்தைத் தாங்கிக் கொள்வதே இன்ஷூரன்ஸின் தத்துவமானால், அந்தத் தத்துவம் கமிஷனும் விளம்பரச் செலவும் இல்லாமல் அந்தப் பெண்களின் சேமிப்பில் செயல்பட்டது.

இதே முறையை ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் அனுஷ்டிக்கலாம். டிவிக்கு 4,000, ஏசிக்கு 3,500, பிரிட்ஜுக்கு 3,000, வாஷிங் மெஷினுக்கு 2,500, இரண்டு போன்களுக்கு 3,000 என்று ஒரு வீட்டில் கேட்கப்படும் நீட்டிப்புகளையெல்லாம் கூட்டினால் 16,000 ரூபாய் ஆகிறது. கடையில் கொடுத்தால் டிவிக்குக் கொடுத்த பணம் டிவிக்கு மட்டுமே உதவும். குறித்த தேதி தாண்டினால் அதுவும் இல்லை. அதே தொகையைத் தபாலாபீஸிலோ பாங்கியிலோ தனிக் கணக்காகப் போட்டு வைத்தால், எது பழுதானாலும் அதற்கு உதவும். எதுவும் பழுதாகாவிட்டால் வட்டியோடு நம்முடையதாகவே இருக்கும். இந்த நிதி சேர்வதற்குள் பெரிய செலவு வந்துவிடுமே என்று அஞ்சுகிற குடும்பம், வீட்டின் மிக விலையுயர்ந்த, ஜீவனத்துக்கு இன்றியமையாத ஒரே ஒரு பண்டத்துக்கு மட்டும் நீட்டிப்பு வாங்கிக் கொண்டு, மற்றவற்றின் பணத்தை நிதியில் போடலாம். தாங்கக் கூடிய நஷ்டத்துக்குச் சேமிப்பு, தாங்க முடியாத நஷ்டத்துக்கு மட்டும் பிறருடைய உத்தரவாதம் என்ற ஒரே விதியில் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வாங்குவது என்று தீர்மானித்தவர்கள் சில ஜாக்கிரதைகளைக் கைக்கொள்ள வேண்டும். ஷரத்துகளைப் பணம் கொடுப்பதற்கு முன் வாங்கிப் படிக்க வேண்டும். வாயால் சொன்னது எழுத்தில் இல்லையானால் அது சொல்லப்படவே இல்லை என்றே கொள்ள வேண்டும். நீட்டிப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது, பழுது பார்க்க முடியாவிட்டால் புதியது தருவார்களா அல்லது வருஷத்துக்கு வருஷம் தேய்மானம் கழித்துப் பணம் தருவார்களா, அதற்கு உச்சவரம்பு என்ன என்பவற்றைக் குறித்துக் கொள்ள வேண்டும். பில்லிலும் நீட்டிப்புப் பத்திரத்திலும் பண்டத்தின் தொடர் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே ஒத்துப் பார்க்க வேண்டும். தாதரிலிருந்து புறப்படும் சாளுக்கிய எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கோ, வேறு வண்டியில் நாகர்கோவிலுக்கோ ஊரிலுள்ள பெற்றோருக்காகப் பண்டத்தை அனுப்பும் எண்ணமுள்ளவர்கள், அந்த ஊருக்கும் சேவை உண்டா என்பதை எழுத்தில் பெற வேண்டும். தவணையில் வாங்குகிறவர்கள், நீட்டிப்பின் விலை கேட்காமலேயே கடன் தொகையோடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையதளத்தில் வாங்கும் போது நம் சம்மதமில்லாமல் கூடையில் கூடுதல் பொருளையோ சேவையையோ சேர்ப்பதை, 2023 நவம்பர் 30-இல் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் முறைகேடான வியாபாரத் தந்திரங்களில் ஒன்றாகத் தடை செய்திருக்கின்றன.

கொடுத்த வாக்கு காப்பாற்றப்படாவிட்டால் மௌனமாக இருந்து விட வேண்டியதில்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் தமிழிலும் முறையீட்டைக் கேட்கிறது. அதனால் தீராவிட்டால், குறை நேர்ந்த இரண்டு வருஷங்களுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான விலைக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலேயே வாதாடலாம். குடியிருக்கும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதங்கள் உண்டு என்றாலும், நோட்டீஸ் போன உடனேயே சமாதானத்துக்கு வருகிற கம்பெனிகளும் உண்டு. 1966-இல் இந்நகரத்துப் பெண்கள் சிலரின் முயற்சியால் தோன்றிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கமும், 1975-இல் தொடங்கப்பட்ட மும்பை கிராஹக் பஞ்சாயத்தும் சாமானியர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகின்றன. இதற்கெல்லாம் வேண்டிய ஆதாரம் பில்தான்; அதைப் படம் பிடித்துப் போனில் வைத்துக் கொள்ளும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்பட வேண்டும்.

பழுது பார்ப்பதே சுலபமாகவும் மலிவாகவும் இருந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி மறைந்து விடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1972 அக்டோபர் 2-ஆம் தேதி பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய நாட்களில், செட் கெட்டால் தெரு முனை மெக்கானிக் வீட்டுக்கு வந்து, பின்பலகையைக் கழற்றி, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்து விட்டுப் போவார். லேமிங்டன் ரோட்டில் உதிரிபாகம் வாங்கி வந்து, தாராவியின் சிறு கடைகளில் குனிந்தபடி பற்றவைக்கும் இன்றைய இளைஞர்களிடம் அந்தக் கைத்திறமை உயிரோடிருக்கிறது. ஆனால் ஒட்டி மூடிய பெட்டிகளும், வெளியாருக்குக் கிடைக்காத பாகங்களும், வெளியாள் தொட்டால் வாரண்டி செல்லாது என்ற ஷரத்தும் அவர்கள் கைகளைக் கட்டி வைத்திருக்கின்றன. 2022 டிசம்பர் 24-இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தை மத்திய அரசு தொடங்கி, பழுது பார்க்கும் முறைகளையும் சேவை விவரங்களையும் உற்பத்தியாளர்கள் அங்கே வெளியிடுவதற்கு வழி செய்தது. இது நல்ல ஆரம்பம். சட்டமாகும் வரையில் ஜனங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

நீட்டிப்பின் விலையைப் பண்டத்தின் விலையோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும், வாங்கியவர் வீட்டுக்குப் போய் யோசித்து ரத்து செய்ய அவகாசம் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளும் நம் நாட்டிலும் வர வேண்டும். பிரிட்டனில் அவை வியாபாரத்தை அழித்து விடவில்லை. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நியாயத்தை ஏற்படுத்தவே அவை முயன்றன. பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிற தாராவிப் பெண்மணிக்கு, நாலாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் பார்க்க இரண்டு நாள் அவகாசம் கேட்க உரிமை உண்டு. அந்த உரிமையைச் சட்டம் கொடுக்கும் வரையில் காத்திருக்காமல் அவரே எடுத்துக் கொள்ளலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று பில் மேஜையில் தயங்காமல் சொல்வதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.